கூடலா, கடலா, குண்டா?

கடலூரில் செம்மண்டலம் என்றொரு பகுதி உண்டு. பேருந்து நடத்துநர் கூவும்போது அது ஒரே சொல். தாளில் எழுதிப் பிரிக்க உட்கார்ந்தால் இரண்டு விதமாகப் பிரிகிறது. செம் + மண்டலம் என்று வெட்டினால் ‘சிவந்த நாடு’ அல்லது ‘செம்மையான நாடு’. செம்மண் + தலம் என்று வெட்டினால் செம்மண் நிலம். தமிழ்ப் புணர்ச்சி விதிப்படி ண் என்னும் எழுத்தின் பின்னால் த வந்தால் அது ட ஆகிவிடும். மண்ணும் தலமும் சேர்ந்தாலும் மண்டலம்தான். எந்த வழியில் நடந்து வந்தாலும் ஒரே வாசலில் போய் நிற்கிறோம். ஒலியை மட்டும் கேட்டு, இந்தப் பெயர் எந்த வழியாக வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

நாலு கடையும் ஒரு நிறுத்தமும் உள்ள பகுதிக்கே இந்தப் பாடு என்றால், ஊரின் பெயரைக் கேட்கவே வேண்டாம். ஊர்ப்பெயர்கள் எப்படிப் பிறந்தன, எப்படி உருமாறின என்று தேடும் துறைக்கு இடப்பெயராய்வு என்று பெயர். துப்பறியும் வேலைதான். சாட்சிகள் எல்லாரும் செத்துப்போனவர்கள். விட்டுப்போனது கல்வெட்டு, கணக்கேடு, வரைபடம், அப்புறம் மக்களின் நாக்கு. அந்த வேலைக்குப் பழகிக்கொள்ளக் கடலூரைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

கடலூர் என்றால் கடல் + ஊர். வங்கக் கடல் கண்ணெதிரே கிடக்கிறது. இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆனால் ஊரின் பழம்பெயர் கடலூர் அல்ல, கூடலூர் என்று சொல்லும் கட்சி ஒன்று வலுவாகவே இருக்கிறது. கூடல் என்றால் ஆறுகள் ஒன்றுகூடும் இடம். கெடிலமும் பரவனாறும் சேருமிடத்தில்தான் பழைய துறைமுகம் அமைந்திருக்கிறது. உப்பனாறும் அங்கேயே. சற்று வடக்கே தள்ளித் தென்பெண்ணை கடலில் கலக்கிறது. இத்தனை தண்ணீர் வந்து சேரும் இடத்துக்குக் கூடலூர் என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? நீலகிரியில் ஒரு கூடலூர் இருக்கிறது, தேனி மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ரைன் நதியும் மோசெல் நதியும் கூடும் நகரத்துக்குக் கோப்லென்ஸ் என்று பெயர். ‘கூடுமிடம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் தேய்ந்த வடிவம் அது. கூடலுக்குப் பெயர் வைப்பது மனித சுபாவம் போலிருக்கிறது.

ஆக, மண்ணைக் கேட்டால் இரண்டு கட்சிக்கும் சாதகமாகச் சாட்சி சொல்கிறது. கடலும் இருக்கிறது, கூடலும் இருக்கிறது. அடுத்ததாகக் காதைக் கேட்க வேண்டியதுதான். இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டு எழுதிவைத்த அந்நியர்களின் காதை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1680-களில் இங்கே வந்து கடை விரித்தது. அதன் எழுத்தர்கள் ஊர்ப்பெயரைப் பல விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் இன்றைக்கும் பலகைகளில் இருக்கும் வடிவத்தில் நின்றார்கள்: சி, யு, இரண்டு டி, ஏ, எல், ஓ, ஆர், இ. இதில் வழக்கே அந்த ‘யு’வின் மேல்தான். அக்கால ஆங்கிலேயர் நம் ‘க’வை எழுத ‘சியு’ என்ற எழுத்துக்களைப் பயன்படுத்தினார்கள். கறி, கச்சேரி, கடப்பை எல்லாமே அவர்கள் ஏட்டில் ‘சியு’ போட்டுத்தான் தொடங்கும். அந்தக் கணக்குப்படி நம் ஊரும் ‘கட’ என்றுதான் தொடங்குகிறது. கடலூர்க் கட்சிக்கு ஒரு புள்ளி.

கொஞ்சம் பொறுங்கள். அந்த எழுத்தர்கள் கப்பலேறிய 17-ஆம் நூற்றாண்டில், அவர்கள் ஊரிலேயே ‘யு’வின் குறில் ஒலி இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. அதுவரை வெட்டுவதைக் குறிக்கும் ‘கட்’டும், வைப்பதைக் குறிக்கும் ‘புட்’டும் ஒரே உயிரொலியோடு, ‘குட், புட்’ என்றே ஒலித்தன. தென் இங்கிலாந்தில் ஒரு பகுதிச் சொற்கள் மட்டும் ‘உ’விலிருந்து நழுவி ‘அ’வுக்குப் பக்கத்தில் வந்தன. வடக்கே அந்த நழுவல் போய்ச் சேரவே இல்லை. இன்றும் வட இங்கிலாந்துக்காரர் வாயில் ‘கப்’ ஏறத்தாழ ‘குப்’தான். ஆகவே ஒரு எழுத்தர் ‘யு’ போட்டிருந்தால் அவர் காதில் விழுந்தது ‘அ’வா ‘உ’வா என்பது, அவர் லண்டன்காரரா யார்க்ஷயர்க்காரரா என்பதையும் பொறுத்தது! கெடிலக்கரைப் பெயர் ஒன்றின் தீர்ப்பு, தேம்ஸ் கரையில் நடந்த ஓர் ஒலிமாற்றத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

இரட்டை ‘டி’ ஒன்று இருக்கிறதே, அது என்ன சொல்கிறது? ஆங்கிலத்தில் மெய்யெழுத்தை இரட்டித்தால் முந்தைய உயிர் குறில் என்று பொருள். கூடலூரில் ‘கூ’ நெடில். அப்படியானால் மறுபடியும் கடலூருக்கு ஒரு புள்ளி என்று தோன்றும். இதற்கு மறுப்பு வேலூரில் இருக்கிறது. வேலூரில் ‘வே’ நெடில்தான். ஆனாலும் ஆங்கிலேயர் இரட்டை ‘எல்’ போட்டு ‘வெல்லூர்’ என்றுதான் எழுதினார்கள். நம் நெடில்களை அவர்கள் காது அவ்வளவு மதித்ததில்லை. வேலூரை வெல்லூர் ஆக்கியவர்கள் கூடலூரைக் குட்டலூர் ஆக்கியிருக்க மாட்டார்களா?

இந்தக் குழப்பம் அறிஞர்களையும் விடவில்லை. இந்தியச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்த கதையைச் சொல்லும் ஹாப்சன்-ஜாப்சன் என்னும் பேரகராதி 1886-இல் வந்தது. யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்தது. பர்னல் தென்னிந்திய மொழிகளை நன்றாகக் கற்றவர். அவர்கள் சரியான பெயர் கடலூராகத்தான் இருக்கும் என்று எழுதினார்கள். 1903-இல் குரூக் என்பவர் அதைப் புதுப்பித்தபோது, ஆறுகள் கூடுமிடம் என்ற விளக்கத்தையும் பக்கத்தில் சேர்த்தார். ஒரே பதிவில் இரண்டு கட்சியும் கைகட்டி உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே இன்னொரு காதைக் கூப்பிடலாம். இதே கடற்கரையில் சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். இந்த ஊருக்காக ஆங்கிலேயரோடு பலமுறை அடித்துக்கொண்டவர்கள். அவர்களுடைய ஏடுகளில் இந்த ஊர் ‘கூதலூர்’ என்று ஒலிக்கும் வடிவத்தில் வருகிறது. பிரெஞ்சில் ‘ஓ’வும் ‘யு’வும் சேர்ந்தால் ‘ஊ’தான், சந்தேகத்துக்கு இடமே இல்லை. முதலசையில் ஊகாரம் கேட்ட காது கடலூரைக் கேட்டிருக்க வழியில்லை.

பிரெஞ்சில் இன்னொரு வடிவமும் உலவுகிறது: ‘கோந்தலூர்’. 1783-இல் இந்த ஊருக்காக நடந்த போரைப் பிரெஞ்சு வரலாற்று நூல்கள் பல இந்தப் பெயரில்தான் குறிப்பிடுகின்றன. நடுவில் இந்த ‘ந்’ எங்கிருந்து முளைத்தது? எந்தத் தமிழ் நாக்கும் அதை நுழைத்திருக்காது. அக்காலக் கையெழுத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விடை தோன்றிவிடும். வேகமாக இழுத்து எழுதினால் ‘யு’வும் ‘என்’னும் இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே ஒரு வளைவு, அந்த வளைவு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். படியெடுத்த யாரோ ஒருவர் ‘யு’வை ‘என்’ என்று வாசித்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஒரு மைக்கோட்டின் வளைவு மாறியதில் ஓர் ஊருக்கு மூக்கொலி வந்துவிட்டது.

நம் பக்கத்திலும் சாட்சி உண்டு. பிற்காலச் சோழர் காலத்தில் இந்தப் பகுதியில் செல்வாக்கோடு இருந்த காடவர் குலத் தலைவர்கள் கல்வெட்டுகளில் ‘கூடல் ஆளப்பிறந்தான்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். அந்தக் கூடலைக் கடலூர்ப் பக்கமே வைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் பலர். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் என் ஓட்டு கூடலூருக்குத்தான். பொருள் மங்கிப்போன பெயரை மக்கள் தங்களுக்குப் புரியும் பெயராகத் திருத்திக்கொள்வதை மொழியியலில் மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். கூடல் என்ற சொல் பேச்சில் அருகியது. கடல் ஒருநாளும் அருகவில்லை. ஆங்கில எழுத்தும் ‘கட’ என்று வாசிக்க இடம் கொடுத்தது. மீதியை நாக்கு பார்த்துக்கொண்டது.

காதும் கைவிடும்போது நாள்காட்டியைக் கேட்கலாம். கடலூரின் இன்னொரு பகுதி திருப்பாதிரிப்புலியூர். பாதிரி என்றதும் ஒரு கிறித்தவப் போதகர் நினைவுக்கு வந்து, இதுவும் வெள்ளைக்காரன் வைத்த பெயர்தானோ என்று யாராவது கேட்கக்கூடும். போதகரைக் குறிக்கும் பாதிரி, போர்த்துக்கீசியச் சொல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498-இல். இந்தத் தலத்தை அப்பர் பாடியது 7-ஆம் நூற்றாண்டில். இங்கே உள்ள பாதிரி ஒரு மரம். அதன் வடமொழிப் பெயர் பாடலி. அதனால்தான் இறைவன் பாடலீஸ்வரர். மகதப் பேரரசின் தலைநகரான பாடலிபுத்திரத்தின் பெயரிலும் இருப்பது இதே மரம். கி.பி. 458-இல் எழுதப்பட்டதாகத் தன் ஆண்டைத் தானே சொல்லும் லோகவிபாகம் என்ற சமண நூல், பாடலிகை என்ற ஊரில் உருவானது. அந்த ஊர் இதுதான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஒரு மரத்தின் பெயர் கங்கைக்கரைப் பாட்னாவையும் கெடிலக்கரையையும் உறவாக்கிவிட்டது.

தேவனாம்பட்டினத்துக்கும் இதே நாள்காட்டிச் சோதனை. அங்கேதான் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இப்போது சில இடிபாடுகள் மிச்சம். டேவிட், தேவன், ஒலி ஒத்துப்போகிறது, கோட்டையும் அங்கேயே இருந்தது; டேவிட்தான் தேவன் ஆனாரோ என்று தோன்றும். ஆனால் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1690-இல். அதற்குப் பல ஆண்டு முன்பே, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டச்சுக்காரர்கள் இங்கே வணிகம் செய்து ‘தெக்னபட்டம்’ என்று சிதைத்து எழுதி வைத்துவிட்டார்கள். தேவன் மூத்தவர், டேவிட் பின்னால் வந்தவர்.

அந்த டேவிட் யார் என்பதிலும் ஒரு வழக்கு உண்டு. கோட்டைக்குப் பெயர் சூட்டியவர் அப்போது சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். பாஸ்டனில் பிறந்த இவருடைய குடும்பம் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. வேல்ஸின் காவல் புனிதர் டேவிட். புனிதர் பெயரைத்தான் வைத்தார் என்கிறது ஒரு கட்சி. யேலின் மகன் டேவிட் சென்னையில் சிறு குழந்தையாகவே இறந்துபோனான், அவன் நினைவாகத்தான் வைத்தார் என்கிறது மற்றது. மகனுக்கே அந்தப் புனிதர் பெயரை வைத்திருக்கலாம் என்பதால் இந்த வழக்கு முடியப்போவதில்லை. யேலின் சொந்தப் பெயர் போன இடம் வேறு: அவர் அனுப்பிய நன்கொடைக்கு நன்றியாக 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூடிக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

இதுவரை பார்த்த ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் பிறந்த நாள் தெரியாது. பிறந்த மாதமே தெரிந்த பெயர் ஒன்று இந்த ஊரில் உண்டு: குண்டு. செம்மண்டலம் பக்கமாகப் போகும் சாலைக்குக் குண்டுசாலை என்று பெயர் (குண்டும் குழியுமாக இருப்பதால் அல்ல, அது வேறு விஷயம்). கோட்டைக்கு வடக்கே ஒரு கிராமம் குண்டு உப்பலவாடி. இந்தக் குண்டு, பீரங்கிக் குண்டு.

1690-இல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் முகலாயர்களின் முற்றுகைக்கு ஆளாகிப் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தார். தேவனாம்பட்டினக் கோட்டையை விற்க மராட்டியர் முன்வந்தார்கள்; ஆங்கிலேயர் வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம்? சங்கிலி பிடித்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்துக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் வாங்கியவருக்கு என்று ஒப்பந்தம். செப்டம்பரில் பீரங்கி வெவ்வேறு திசைகளில் திருப்பிச் சுடப்பட்டது. கூடலூர் நகரமே வீச்சுக்குள் விழுந்தது. அப்படிச் சிக்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள்.

ஒப்பந்தத்தில் இருந்த சொல் ‘ரேண்டம்’ வீச்சு. இன்றைக்கு ரேண்டம் என்றால் ஏதோ ஒன்று, குறியில்லாதது என்று பொருள். அன்றைய பீரங்கிக்காரர் மொழியில் அதற்கு நேரெதிரான கறார் உண்டு: குழாயைக் கிடையாக வைத்து நேரே சுடாமல், வாயை மேலே தூக்கி எட்டிய மட்டும் எறிவது. வாயை எவ்வளவு தூக்கினால் குண்டு மிக அதிகத் தூரம் போகும்? 45 பாகை என்று இத்தாலியில் தார்த்தாலியா 1537-இலேயே சொல்லிவிட்டார். 1638-இல் கலிலியோ அதற்குக் கணிதம் கொடுத்தார். சென்னையிலிருந்தவர்களும் விவரமானவர்கள். நல்ல பீரங்கியாகப் பார்த்து வைத்துக்கொள்ளும்படியும், எப்படி மருந்து கெட்டித்து எப்படிச் சுட்டால் ஆதாயம் என்பது சுடுபவனின் கைத்திறன் என்ற பொருளிலும் எழுதி அனுப்பினார்கள்.

அந்தக் கைத்திறனின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டை கடலோரம் இருப்பதால் கிடைப்பது அரைவட்டம்தான், மறுபாதி மீனுக்கு. வீச்சு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அரைவட்ட நிலம் சுமார் 14 சதுர கிலோமீட்டர். அதையே 4 கிலோமீட்டராக நீட்டினால் 25. ஒரு கிலோமீட்டர் கூடியதற்கு ஏறத்தாழ 2,700 ஏக்கர் கூடுகிறது! வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளரும் என்ற பள்ளிக்கூடச் சூத்திரத்தை இவ்வளவு லாபத்தோடு பயன்படுத்தியவர்கள் குறைவு.

ஆனால் கலிலியோவின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. காற்று. அந்தக் காலத்துப் பெரிய பீரங்கியில் குண்டு நொடிக்கு 500 மீட்டர் வேகம்வரை எட்டும், இன்றைய பயணிகள் விமானத்தைப்போல் இரண்டு மடங்கு. காற்றே இல்லாத உலகில் 45 பாகையில் அது சுமார் 25 கிலோமீட்டர் போயிருக்கும். வடக்கே புதுச்சேரி, மேற்கே பண்ருட்டி வரைக்கும்! பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த புதுச்சேரியே குண்டு கிராமமாகி ஆங்கிலேயருக்குப் போயிருக்க வேண்டியது. உண்மையில் அத்தகைய குண்டு மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். அந்த வேகத்தில் காற்று அதை எதிர்த்துத் தள்ளும் விசை, குண்டின் எடையைப்போல் 20 மடங்கு. 24 பவுண்டு குண்டுக்குக் கணக்கிட்டால் கால் டன் எடைக்கு நெருக்கமான விசை, வெறும் காற்றிலிருந்து. புதுச்சேரியைக் காப்பாற்றியது காற்று.

காற்றின் இந்த முரட்டுத்தனத்தை முதலில் சரியாக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். போரை வெறுக்கும் குவேக்கர் சமயக் குடும்பத்தில் 1707-இல் பிறந்தவர், பீரங்கி இயலின் தந்தை ஆனார். அவருடைய கருவி வியப்பூட்டும் எளிமை கொண்டது. ஒரு கனமான மரக்கட்டையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு அதன்மேல் துப்பாக்கியால் சுடுவார். குண்டு கட்டையில் புதையும். கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்று பார்த்தால், குண்டு வந்த வேகம் தெரிந்துவிடும். கண்ணால் பார்க்கவே முடியாத வேகத்தை, கண்ணால் பார்க்கக்கூடிய ஆட்டமாக மாற்றிவிட்டார். இதற்கு எறியூசல் என்று பெயர் சொல்லலாம். கட்டையைத் துப்பாக்கியிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டதில், காற்று தின்ற வேகமும் கணக்கில் வந்தது. 1742-இல் இதை நூலாக வெளியிட்டார். கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தானும் பக்கம் பக்கமாக உரை எழுதினார். சுழன்றுகொண்டே போகும் உருண்டை காற்றில் வளையும் என்பதையும் ராபின்ஸ் கண்டார். கோல்மூலையில் வளைந்து நுழையும் கால்பந்தின் ரகசியம் அதுதான்.

1749-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியக் கோட்டைகளைச் செப்பனிட ஒரு தலைமைப் பொறியாளரை அனுப்பியது. அவர் இந்த ராபின்ஸ்தான். 1751 ஜூலை 29-ஆம் நாள் காய்ச்சலில் இறந்தார். இறந்த இடம் செயின்ட் டேவிட் கோட்டை. குண்டு எறிந்து எல்லை பிடித்த இடத்துக்கே, அந்தக் குண்டு ஏன் அதற்குமேல் போகவில்லை என்று சொல்லக்கூடிய மனிதர் அறுபது ஆண்டு கழித்து வந்து சேர்ந்ததை நினைத்தால், யாராவது கதையில் எழுதினால்கூட நம்பமாட்டோம். கடலூரில் அவர் பெயரில் ஒரு தெரு இருந்திருக்கலாம். பள்ளி மாணவர்களுக்காவது இதைச் சொல்ல வேண்டும்.

பீரங்கி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே தெற்கே நடந்தால் பரங்கிப்பேட்டை வரும். பிராங்க் என்பது ஐரோப்பாவில் ரைன் கரையில் இருந்த ஒரு பழங்குடி இனத்தின் பெயர். அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் எல்லாரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அது நம் கரைக்கு வந்து பரங்கி ஆனது. சென்னைப் பரங்கிமலையிலும் அமெரிக்காவிலிருந்து வந்த பரங்கிக்காயிலும் இருப்பது இதுவே; பீரங்கியும் இதன் உறவுதான் என்பார்கள். போர்த்துக்கீசியர் அந்த ஊரைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறை என்றார்கள். முஸ்லிம் ஆட்சியாளர் ஏட்டில் அது மகமூது பந்தர். வந்தவன் தன் துறைமுகத்தைப் பார்த்தான், ஆண்டவன் தன் பெயரைப் பார்த்தான், ஊரார் வந்தவனைப் பார்த்தார்கள்.

பக்கத்தில் சிதம்பரம். அங்கே சண்டை இரண்டு தத்துவங்களுக்கு இடையே. சித் + அம்பரம், அறிவுவெளி என்று ஒரு பொருள். ஆகாயத்தலம் ஆதலால் மிகப் பொருத்தம். ஆனால் தேவாரத்தில் ஒலிப்பது சிற்றம்பலம். காற்று ‘காத்து’ ஆவதுபோல் சிற்றம்பலம் பேச்சில் ‘சித்தம்பலம்’ ஆகும். பந்தல் பந்தர் என்றும் சாம்பல் சாம்பர் என்றும் வருவதைத் தமிழ் இலக்கணம் போலி என்று ஏற்றுக்கொள்கிறது. அதே ல-ர மாற்றம் இங்கேயும் நடந்தால் சித்தம்பரம். அங்கிருந்து சிதம்பரத்துக்கு ஒரு ஒற்றெழுத்துத் தூரம்தான். தமிழ்ச்சொல் தேய்ந்து வந்த வழியில் வடமொழிப் பொருள் எதிரே வந்து கைகோத்துக்கொண்டது என்று கொள்வதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. ஊரின் மற்றொரு பெயரான தில்லைக்கு வழக்கே இல்லை. தில்லை ஓர் உப்பங்கழி மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊருக்குள் தேடாதீர்கள், பிச்சாவரத்துக் கழிகளில் படகு ஏறினால் கரையோரம் நிற்கும்.

இந்தக் கரை முழுவதற்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் கோரமண்டல். கரிமணல் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது, குருமண்டலத்திலிருந்து வந்தது என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் ஏற்பது சோழமண்டலம். சோழ எப்படிக் ‘கோர’ ஆயிற்று? ‘ழ’ அந்நிய நாக்கில் ஒருசமயம் ‘ல’ ஆகும், ஒருசமயம் ‘ர’ ஆகும், அது எளிது. ‘ச’ எப்படிக் ‘க’ ஆனது என்பதுதான் சுவாரசியம். போர்த்துக்கீசியர் ‘சி-எச்’ என்று எழுதி, நம் ‘ச்ச’ போலவே வாசித்தார்கள். அதே இரண்டு எழுத்தை இத்தாலியர் ‘க’ என்று வாசிப்பார்கள். எழுத்து மாறாமல் வாசிப்பவர் மட்டும் மாறியதில் சோழர் ‘கோர’ ஆகிவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். அந்தப் பெயர் கொண்ட ஆங்கிலக் கப்பல் ஒன்று 1820-இல் நியூசிலாந்துக்குப் போனது; அங்கே ஒரு தீபகற்பத்துக்கே கோரமண்டல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ராஜேந்திரனின் கப்பற்படைகூட அவ்வளவு தெற்கே போனதில்லை.

எழுத்தைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தமிழக அரசு 2020-இல் முயன்று பார்த்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை அந்த ஜூனில் மக்கள் பார்வைக்கு வந்தது. வேலூருக்கு அதில் கிடைத்த புது எழுத்தை வாசித்தால் ‘வீலூர்’ என்று வந்தது. எதிர்ப்பும் கிண்டலும் கிளம்பிச் சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. கடலூர் ஆங்கிலத்தில் இன்னும் அந்தப் பழைய ‘யு’வோடும் இரட்டை ‘டி’யோடும்தான் இருக்கிறது.

ஒருநாள் அது மாறினாலும், ஓரிடத்தில் மட்டும் மாறாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்கல் அடுக்குக்குப் புவியியலாளர் வைத்த பெயர் ‘கடலூர் மணற்கல்’. அந்த அடுக்கு புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தெற்கே தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரம்வரை விட்டுவிட்டுத் தலைகாட்டுகிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் அதில்தான். பாறை அடுக்குகளுக்குப் பெயரிடச் சர்வதேச வழிகாட்டி விதிகள் உள்ளன. ஊரின் பெயரோ எழுத்தோ பின்னால் மாறினால், அதற்காகப் பாறையின் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்பது அவற்றில் ஒன்று.